ஏணி நடுங்கிய நான்கு வருஷம்

முப்பத்தொரு வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்த்தேன். அதில் நான்கு வருஷம் உயரத்துக்குப் பயந்து, உள்ளுக்குள் செத்துச் செத்து ஏணி ஏறினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

மின்பகுதியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மோட்டாரையும் வயரையும் பற்றி நான் என்ன எழுத? அதையெல்லாம் வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். மிச்சத்தை நீங்கள் போனில் பார்த்துக்கொள்கிறீர்கள். ஆகவே நான் வெட்கப்படுகிற ஒரு விஷயத்தை எழுதுகிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை.

எங்கள் தொழிற்சாலை தலவாக்கலையிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. தோட்டத்தில் அதை எல்லோரும் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். நான் அங்கே சேர்ந்த புதிதில் ஏணி எட்டாத இடத்துக்குக் கூரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடுவேன். "அந்தோனி காலுல பசை தடவியிருக்கான்" என்பார்கள். ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்து பிறந்த நத்தார் பண்டிகைக்கு எங்கள் மாதா கோயில் கோபுரத்தில் நட்சத்திரம் கட்டுவதும் நான்தான். கீழே நின்று பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்தச் சத்தத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

நாற்பத்தெட்டு வயதில் ஒருநாள், கொழுந்து உருட்டும் அறையில் விளக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று தரை ஒரு பக்கமாகச் சரிந்து, மெதுவாகத் திரும்பி வந்தது. காது அடைத்துக்கொண்டது. ஏணியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடி நின்றேன். ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ, பிறகு சரியாகிவிட்டது. இறங்கி வந்து பிளேன்டீ குடித்தேன்.

அடுத்த தடவை ஏறியபோது மறுபடியும் வந்தது. அதற்கடுத்த தடவை, ஏறுவதற்கு முன்னாலேயே வந்தது. நுவரெலியாவுக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். காதைப் பார்த்தார், இரத்தத்தைப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். "உயரத்துக்குப் பயமா?" என்று கேட்டார். "எனக்கா?" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தச் சிரிப்புத்தான் நான் செய்த முதல் தப்பு.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். மூத்த மகள் அப்போதுதான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஏணி ஏற முடியாத எலக்ட்ரீஷியனை எந்தத் தோட்டத்தில் வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, எனக்குக் கைதட்டிய ஆட்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்பதுதான். கோயில் நட்சத்திரத்துக்கு மட்டும் முழங்கால் வலி என்று பொய் சொன்னேன். ஸ்டோரில் அந்தப் பொய் செல்லாது. அங்கே ஏறித்தான் ஆக வேண்டும்.

இனி புஷ்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அவர் புஷ்பம் அக்கா. எனக்கு அவள் புஷ்பம்தான், என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஸ்டோரில் கூட்டித் துப்புரவு செய்கிற வேலையில் சேர்ந்தாள். நான் ஏணி தூக்கினால் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்து பிடித்துக்கொள்வாள். முதலில் யாரோ அவளை அனுப்பினார்கள், அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. கீழேயிருந்து கேட்கிற சாமானை எடுத்துத் தருவாள். நாலு நம்பர் ஸ்குறூ டிரைவர் எது, டெஸ்டர் எது, நான் எரிச்சலில் "அது" என்று மட்டும் சொன்னால் அது எது என்றெல்லாம் அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் நான் இறங்கியதும் சொன்னாள்.

"அண்ணே, ஏணி நடுங்குது."

"பழைய ஏணி, புள்ள."

"போன மாசந்தான வாங்குனாங்க? புது ஏணிண்ணே."

நான் சாமான் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை.

அந்த வருஷம், வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் தேயிலைக்குச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் தொழிற்சாலையைப் பார்க்க வந்தார்கள். அவர்களில் ஒரு அம்மா, தொழிலாளர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "நீங்க செய்யுற வேலையில எதுக்கு ரொம்பப் பயப்படுறீங்க?" என்று புஷ்பத்திடம் கேட்டிருக்கிறார். உருட்டும் இயந்திரம், அடுப்பு, பெல்ட் என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பார். "ஏணி புடிக்கிறதுக்குத்தாங்க" என்றாளாம் இவள்.

மூன்று மாதத்துக்குள் கொழும்பிலிருந்து லொறியில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. திறந்து பார்த்தால், நான்கு சக்கரத்தின் மேல் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் கம்பிக் கூண்டு. உள்ளே ஒரு கைப்பிடி. கூண்டுக்குள் ஏறிக் கதவைச் சாத்தி, கைப்பிடியைச் சுற்றினால் கூண்டு மேலே போகும். திருப்பிச் சுற்றினால் இறங்கும். கையை எடுத்தால் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கும். கரண்ட் வேண்டாம், பெட்டரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம். ஏறி நின்றதும் சக்கரம் தானாகப் பூட்டிக்கொள்ளும். தரை மட்டமாக இருந்தால் போதும். இரண்டு பேர் தள்ளினால் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். கைலிப்ட் என்று பேர் வைத்தோம்.

எனக்காகவே செய்தது மாதிரியான சாமான். நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லோர் முன்னாலும் சிரித்தேன். "ஏணி ஏறத் தெரியாதவனுக்குத்தான் கூண்டு வேணும்" என்றேன். அதில் ஏறினால் என் பயம் வெளியே தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு கிறுக்கு எண்ணம். கைலிப்டைத் தார்ப்பாயால் மூடி, பழைய பெல்ட்டுகள் கிடக்கிற மூலையில் தள்ளிவைத்தேன்.

வாரத்துக்கு ஒரு தடவை புஷ்பம் தார்ப்பாயை விலக்கித் தூசி தட்டுவாள். அதோடு வந்த படம் போட்ட தாளை அவள்தான் எடுத்து வைத்திருந்தாள். ஒருநாள் தேநீர் நேரத்தில் நான் அந்தப் பக்கம் போனபோது, கூண்டுக்குள் நின்று கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் இருந்தாள்.

"ஏய், எறங்கு! ஒனக்கு எதுக்கு இந்த வேல?"

"சும்மா பாத்தேண்ணே. ஆடவே மாட்டேங்குது. நீங்களும் ஒருவாட்டி ஏறிப் பாருங்களேன்."

"எறங்குன்னு சொன்னேன்."

இறங்கினாள். முகத்தில் கோபம் இல்லை. என்னைப் பார்த்த பார்வையில் வேறு என்னவோ இருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டேன்.

நான்காவது வருஷம் சித்திரை மாதம், நல்ல கொழுந்து காலம். அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. மலையெல்லாம் பறித்த கொழுந்து, லொறி லொறியாக ஸ்டோருக்கு வந்து இறங்கியது. இறங்குகிற மூட்டைகளைக் கொக்கியில் மாட்டினால், தலைக்கு மேலே ஓடுகிற சங்கிலி அவற்றை மேலே, கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற மாடிக்குக் கொண்டுபோகும். அந்தச் சங்கிலி நின்றுவிட்டது.

ஈரக் கொழுந்து மூட்டையிலேயே கிடந்தால் சூடேறிச் சிவந்துபோகும், அந்தத் தேயிலை எதற்கும் ஆகாது. ஆண்கள் மூட்டையைத் தோளில் போட்டுப் படியேற ஆரம்பித்தார்கள். மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிப் படியெல்லாம் வழுக்கியது. வெளியே இன்னும் இரண்டு லொறி காத்து நின்றது. தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் ஐயா, "அந்தோனி! அந்தோனி!" என்று மழைச் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டிருந்தார்.

கோளாறு இருந்த இடம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பதின்மூன்று அடி உயரத்தில், சுவரில் இருக்கிற சின்ன சுவிட்ச் பெட்டி. உள்ளே ஏதோ வயர் கழன்றிருக்க வேண்டும். மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏணியைச் சாத்தினேன்.

புஷ்பம் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, கைலிப்ட தள்ளிக்கிட்டு வரவா? ரெண்டு நிமிஷந்தான்."

"நேரமில்ல. ஏணியப் புடி."

இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்த இரண்டு நிமிஷம் என்னிடம் இருந்தது. அவசரம் மூட்டைக்குத்தான், எனக்கில்லை. அவசரத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு என் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டேன். உங்களில் யாராவது "நேரமில்லை" என்று சொன்னால், எதற்கு நேரமில்லை என்று உங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏறினேன். எட்டடியில் நின்றுபோனேன்.

எட்டடிதான். உங்களில் பாதிப்பேர் அந்த உயரத்திலிருந்து குதித்துவிடுவீர்கள். எனக்கு அன்றைக்கு அதுவே மலை உச்சி. பெட்டிக்குக் கையை நீட்டியதும் சுவர் பின்னால் போனது. ஏணியைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடினேன். கால் இரண்டும் ஆட ஆரம்பித்தன. நிறுத்த முயன்றால் இன்னும் அதிகமாக ஆடின. ஏணியின் தலை சுவரில் டக டக என்று தட்டுகிற சத்தம் என் காதுக்கே கேட்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கையை ஒரு அங்குலம் நகர்த்தினால் விழுந்துவிடுவேன் என்று நிச்சயமாக நினைத்தேன்.

"என்னா அந்தோனி, மேல நின்னு தூங்குறியா?" என்று டீமேக்கர் ஐயா கத்தினார். "சீக்கிரம் பாரு!" மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்களும் நின்று பார்த்தார்கள்.

அப்போது புஷ்பத்தின் குரல் கேட்டது. அவள் அவ்வளவு உரக்கப் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

"ஐயா, கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. இங்க வாங்க. இதப் புடிங்க."

"எத?"

"ஏணிய. ரெண்டு கையாலயும். நான் சொல்ற வரைக்கும் விட்டுறாதீங்க."

டீமேக்கர் ஐயாவை வேலை வாங்குகிற ஆள் அந்தத் தோட்டத்தில் மேனேஜரான தொரை ஒருவர்தான். ஆனால் அவர் வந்து ஏணியைப் பிடித்தார். பிடித்ததும் அவருடைய கைக்கு என் நடுக்கம் போயிருக்கும். ஏணி கீழே இறுகி நின்றது.

சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டது. யாரோ மூட்டைகளை இழுத்து வழிவிட்டார்கள். கூண்டின் கதவு மூடியது. பிறகு கைப்பிடி சுற்றுகிற சத்தம், கிரக் கிரக் என்று மெதுவாக எனக்குப் பக்கத்தில் மேலே வந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை. முதுகில் ஒரு கை வந்து பட்டது. என் இடுப்பு பெல்ட்டைப் பின்பக்கமாகப் பிடித்தது.

"அண்ணே, நாந்தான்."

நான் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"பயப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேன். எனக்கும் இங்க கால் நடுங்குது. இவ்வளவு ஒசரம் நான் ஏறுனதே இல்ல. ரெண்டு பேரும் சேந்து எறங்கிருவோம்."

"முடியல புஷ்பம்."

"தெரியும். இப்ப ஒண்ணும் செய்ய வேணாம். மூச்ச மட்டும் விடுங்க."

மூச்சு விட்டேன். அதுவரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியவில்லை. அவள் அவசரப்படுத்தவேயில்லை. கீழே யாராவது வாயைத் திறந்தால் கையைக் காட்டி அடக்கினாளாம், பிறகு சொன்னார்கள்.

"இப்ப வலது கால ஒரு படி கீழ வைங்க. நீங்க பாக்க வேணாம், நான் பாத்துக்கிட்டு இருக்கேன். இன்னும் கொஞ்சம். ஆங், அதான் படி. இப்ப மத்த கால்."

நான் ஒரு படி இறங்கினேன். அவள் ஒரு கையால் என் பெல்ட்டை விடாமல், இன்னொரு கையால் கைப்பிடியைச் சுற்றித் தானும் அவ்வளவே இறங்கினாள். மறுபடியும் ஒரு படி. மறுபடியும் கிரக் கிரக். இப்படி ஏழு படி. கடைசிப் படியில் டீமேக்கர் ஐயா என் தோளைப் பிடித்துக் கொழுந்து மூட்டையின் மேல் உட்கார வைத்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பாதி சட்டையில் கொட்டியது.

சங்கிலி இன்னும் நின்றுதான் இருந்தது. அடுத்த தோட்டத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், அந்த மழையில் வந்துசேர ஒரு மணி நேரமாவது ஆகும். டீமேக்கர் ஐயா போனை எடுத்தார். அப்போது கூண்டுக்குள்ளிருந்து புஷ்பம் சொன்னாள்.

"நான் கூண்டுலதான இருக்கேன். என்னா செய்யணும்னு சொல்லுங்கண்ணே, செய்றேன்."

மின்வேலை படிக்காத ஒருவரை மின்சாரப் பெட்டியைத் திறக்கவிடுவது சரியா என்று கேட்டால், சரியில்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அன்றைக்கு நான் செய்தேன். ஆனால் ஒன்று. கால் நடுங்கினாலும் எழுந்து போய், மெயின் பூட்டை இழுத்துப் பார்த்தேன். பெட்டிக்குப் போகிற வயரில் கரண்ட் இல்லை என்பதை டெஸ்டரால் இரண்டு தடவை பார்த்தேன். டெஸ்டரை அவளிடமும் கொடுத்து, மேலே போய் எதையும் தொடுவதற்கு முன் அவளையும் பார்க்கச் சொன்னேன். என் உயிர் விஷயத்தில் காட்டாத கவனமெல்லாம் அவள் விஷயத்தில் எனக்கு வந்தது.

மேலே போனாள். பெட்டியைத் திறந்தாள்.

"அண்ணே, செவப்பு வயரு கழண்டு தொங்குது."

"அதுக்கு நேரா ஒரு ஓட்ட இருக்கா?"

"இருக்கு. ஸ்குறூவ நல்லா லூசாக்கிட்டு உள்ள விட்டு முறுக்கவா?"

"முறுக்கு. முறுக்கிட்டு இழுத்துப் பாரு."

"வரல."

"இன்னொருவாட்டி இழு."

"அண்ணே, வராதுண்ணே. மூடவா?"

அவள் பெட்டியை மூடிக் கையை எடுத்ததும், நான் பூட்டைத் திறந்து மெயினைப் போட்டேன். சங்கிலி ஓடியது. மூட்டைகள் மேலே போக ஆரம்பித்தன. அவள் கூண்டோடு இறங்கி வந்ததும் மூட்டை தூக்கிய ஆண்கள் கைதட்டினார்கள். அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை. விளக்குமாற்றைத் தேடிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை தொரையின் ஆபிசுக்குப் போனேன். டீமேக்கர் ஐயா என்மேல் எதுவும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. ஆனாலும் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தொரை, தெற்கே காலி நகரத்துச் சிங்கள இளைஞர், நம்மோடு தமிழில் பேசப் பழகிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு வருஷம், டாக்டர், முழங்கால் பொய், தார்ப்பாய்.

அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"நாலு வருஷம்? அந்தோனி, நீங்க விழுந்தா நான் ஒங்க வீட்டுக்குப் போய் என்னா சொல்றது?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இனி ஏணி வேணாம். கீழ இருக்கிற வேல எல்லாம் நீங்க பாருங்க. மேல வேல கைலிப்ட்ல. அதுல யாரு போறது?"

"புஷ்பம் போவாங்க சேர். படிக்க அனுப்புனா நல்லா செய்வாங்க."

புஷ்பத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "போறேங்க. ஆனா நான் மேல இருக்கயில கீழ அந்தோனிண்ணே நிக்கணும்" என்றாள். ஹட்டனில் ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சனி ஞாயிறு பஸ்ஸில் போய் வந்தாள். ஒரு வகுப்பையும் விடவில்லை. சான்றிதழ்த் தாளோடு வந்து என்னிடம் காட்டியபோது, என் மகள் பரீட்சையில் தேறியபோது எப்படியிருந்ததோ அப்படியிருந்தது.

தாள் கிடைத்த பிறகு அவள் செய்த முதல் வேலை, கொழுந்து உருட்டும் அறையில் விளக்கு மாற்றுவது. எனக்கு முதன்முதலில் தலை சுற்றிய அதே அறை. அவள் கூண்டில் ஏறிக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு மேலே போனாள். நான் கீழே நின்றேன். பிடிக்க ஏணியில்லை. கூண்டு ஆடவில்லை. அவளுக்கும் பயமில்லை, மேலே நின்று ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். ஆனாலும் அவள் இறங்கும்வரை என் கண் அவள் காலை விட்டு விலகவில்லை. ஒரு விளக்குக்கே எனக்கு இப்படி.

மத்தியானம் பெல்ட் அறைப் படியில் உட்கார்ந்து, ரொட்டியைக் காரமான தேங்காய்ச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டோம். கேட்டுவிட்டேன்.

"புஷ்பம், நாலு வருஷமும் ஒனக்குத் தெரியுமா?"

"ஏணியப் புடிச்சிருந்தது நான். எனக்குத் தெரியாம?"

"அப்ப ஏன் யாருக்கிட்டயும் சொல்லல?"

"நீங்களே சொல்லலயே. நான் எப்புடிச் சொல்றது?" ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்தாள். பிறகு சொன்னாள். "ஒவ்வொருவாட்டியும் நீங்க எறங்கிப் போனப்பறம் கொழாயடிக்குப் போயி மூஞ்சக் கழுவுவேன். அழுதது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு."

நான்கு வருஷமும் என் பயத்தை நான் தனியாகச் சுமந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குப் பதில் என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த தேங்காய் ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சம்பல் எங்கண்ணே?" என்றாள்.